நான் வாங்காத வாபஸ்

கூட்டங்களில் என்னை மேடைக்கு அழைக்கிறவர்கள், "மூன்று தேர்தல்களில் போட்டியிட்டவர்" என்று சொல்லித்தான் அழைக்கிறார்கள். அது தப்பு. நான் வேட்புமனு கொடுத்தது நான்கு முறை. அதில் ஒரு முறை ஓட்டுச் சீட்டில் என் பெயர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இத்தனை வருஷத்தில் யாரும் முழுதாகக் கேட்டதில்லை. "அந்த வருஷம் வாபஸ் வாங்கிட்டீங்க இல்ல?" என்று அவர்களே கேட்டு அவர்களே முடித்துவிடுவார்கள். இப்போது எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கம் ஒரு மலர் போடுகிறது. "உங்க அரசியல் அனுபவத்த எழுதுங்கம்மா. கொஞ்சம் இனிமையா இருக்கட்டும்" என்றார் மலரைத் தயாரிக்கிறவர். இனிமையாக எழுத என்னிடம் அதிகம் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலத்தை மனை போட்டு விற்ற பிறகு அப்பா ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். நான் பத்தாவது முடித்து, கல்யாணமாகி, ஆவடிப் பக்கம் ஒரு காலனிக்குக் குடிவந்தேன். என் கணவர் வெல்டர். எழுபதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்ச் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. காலையில் ஆவடியில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி நடப்போம். என்னோடு கூடவே நடந்தவள் தேவகி. எனக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவள். கம்பெனியில் பேக்கிங் பிரிவு. கணவன் இல்லாமல் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கம்பெனியில் பெண்கள் அறுபது பேருக்கு மேல் இருந்தோம். கழிப்பறை ஒன்றே ஒன்று. அதற்கும் பூட்டு. சாவி சூப்பர்வைசர் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். போய்க் கேட்டு வாங்க வேண்டும். யார், எத்தனை மணிக்குப் போனாள், எத்தனை மணிக்கு வந்தாள் என்று அவர் ஒரு நோட்டில் எழுதுவார். இதற்குப் பயந்தே காலையில் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். எத்தனை பேருக்கு நீர்க்கடுப்பு வந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியிடம், "இப்பத்தானே போன?" என்று கேட்டுச் சாவியைத் தர மறுத்தார் அந்த ஆள். நான் ஸ்பேனரை எடுத்துப்போய்ப் பூட்டை உடைத்தேன். விசாரணை வைத்தார்கள். தேவகி சாட்சி. "பூட்டு துருப் புடிச்சிக் கீது சார், தானா உழுந்திச்சி" என்று முகம் மாறாமல் சொன்னாள். இருந்தும் என்னைப் பதினோரு நாள் சஸ்பெண்ட் செய்தார்கள்.

அந்தப் பதினோரு நாளில்தான் ஞானசுந்தரம் கம்பெனி வாசலுக்கு வந்தார். எங்கள் கட்சியின் செயலாளர். கட்சியின் பெயரை எழுதப் போவதில்லை, அது இப்போது இல்லை. இரண்டு பெரிய கட்சிகளும் வேண்டாம் என்று நினைத்தவர்கள் சேர்ந்த சின்னக் கட்சி. ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போகிற ஓர் அறைதான் அலுவலகம்.

ஞானசுந்தரத்தைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பெண்கள் உட்காராமல் அவர் உட்கார மாட்டார். யார் பேசினாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கடைசி வரை கேட்பார். கேட்டு முடித்து, "சரி, இதில் நம்மால் என்ன முடியும்?" என்பார். நம்மால் என்று அவர் சொல்லும்போது நானும் அதில் இருக்கிறேன் என்று தோன்றும். மைக் பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். "முதல் வாக்கியத்திலேயே ஓட்டு கேட்காதீர்கள் சுலோச்சனா. அவர்கள் தெருவில் என்ன குறை என்று உங்களுக்குத் தெரியும் என்பதைக் காட்டுங்கள். ஓட்டைக் கடைசியில் கேளுங்கள்." மனுப் போடுவது, பிட் நோட்டீஸ் எழுதுவது, போலீசிடம் கூட்டத்துக்கு அனுமதி வாங்குவது எல்லாம் அவரிடம் கற்றதுதான். அவர் ஒரு தாளை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து" என்றால் நாங்கள் படித்துப் பார்க்க மாட்டோம். படித்தால் அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமே என்று கூச்சம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் முதல் முறை சட்டமன்றத்துக்கு நின்றேன். சைக்கிள் ரிக்ஷாவில் ஒரு குழாய் மைக், முன்னால் ஐந்தாறு பெண்கள். "ஊட்ல சோறாக்கலியாம்மா?" என்று பெரிய கட்சிக்காரர்கள் அவர்கள் மைக்கிலேயே கேட்டார்கள். டெபாசிட் போனது. ஓட்டு எண்ணுகிற இடத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தட்டு வைத்து, சீட்டுகளைப் பிரித்துப் போடுவார்கள். ஐம்பது சேர்ந்தால் ஒரு கட்டு. அவர்கள் தட்டில் கட்டு கட்டாக ஏறும். என் தட்டில் ஒரு கட்டு சேரவே நேரமாகும். அன்று அழுதேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த தேர்தலுக்குள் நான் நிறைய வேலை செய்திருந்தேன். வெள்ளானூர்ப் பக்கம் பால்வாடி, ஐயப்பன்தாங்கலில் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வரும் பெண்களுக்குக் காலை பஸ், டிபென்ஸ் குவார்ட்டர்ஸ் பின்புறக் குடிசைகளுக்குத் தெருக் குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் அலுவலகமாக நடந்தேன். எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் நடந்தது மக்களுக்குத் தெரிந்தது. அந்தத் தேர்தலில் மூன்றாம் இடம் வந்தேன். வென்றவருக்கும் இரண்டாவது வந்தவருக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தைவிட எனக்கு விழுந்த ஓட்டு அதிகம். அன்று சந்தோஷப்பட்டேன். ஞானசுந்தரம் கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார். "இனி நம்மை யாரும் ஒதுக்க முடியாது" என்றார். அந்த வித்தியாசத்தைப் பெரிய கட்சிக்காரர்களும் கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மூன்றாவது தேர்தல் எண்பதுகளின் கடைசியில். இதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அப்போது வேட்பாளருக்கு ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். தொகுதியில் ஓட்டு உள்ளவராக இருக்க வேண்டும். நான் தேவகியைக் கேட்டேன். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. தன் பெயரை மட்டும் எழுதுவாள், சம்பளப் பதிவேட்டில் போட்டுப் போட்டுப் பழகியது. "நானா? உனுக்கா? பெரிய ஆபீசர் முன்னாடியா?" என்று கேட்டாள். பிறகு பெட்டியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். மனுவில் என் பெயர், வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண், அவளுடையதும் அப்படியே. ஒரு எண் தப்பானாலும் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்பதால் மூன்று பேர் மாறி மாறிப் படித்துச் சரிபார்த்தோம். தேர்தல் அதிகாரி முன்னால் நின்று உறுதிமொழி எடுத்தேன். மறுநாள் பரிசீலனையில் என் மனு ஏற்கப்பட்டது.

அன்று மாலை கட்சி அலுவலகத்தில் ஞானசுந்தரம் ஒரு கட்டுப் படிவங்களை என் முன்னால் வைத்தார். வாக்குச் சாவடி ஏஜெண்டுகளை நியமிக்கிற படிவம். சாவடிக்கு ஒன்று, எல்லாவற்றிலும் வேட்பாளர் கையெழுத்து வேண்டும். போட்டுக்கொண்டே போனேன். கட்டின் கடைசியில் எழுதாத வெள்ளைத் தாள்கள் நாலைந்து இருந்தன. "இது எதுக்கண்ணே?" என்றேன். "நீங்கள் பிரச்சாரத்தில் எங்கேயாவது இருப்பீர்கள். அவசரத்துக்கு ஏதாவது கடிதம் கொடுக்க வேண்டி வரும்" என்றார். போட்டேன். பூட்டை உடைத்தவள்தான் நான். அந்த வெள்ளைத் தாளை எதிர்த்து ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வாபஸ் வாங்கக் கடைசி நாள், மூன்று மணி வரை நேரம். அதற்குப் பிறகு சின்னம் ஒதுக்கிப் பட்டியல் ஒட்டுவார்கள். அன்று என்னை மாங்காட்டுக்கு அனுப்பினார் செயலாளர். காமாட்சி அம்மன் கோயில் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். வெயில். ஒரு வீட்டில் நீர்மோர் கொடுத்தார்கள். "இந்தத் தடவ நீதாம்மா" என்று ஒரு பூக்காரப் பெண் சொன்னாள். நான்கரை மணிக்கு என் சின்னத்தைப் பார்க்கிற ஆசையில் பஸ் பிடித்துத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன்.

பட்டியல் பலகையில் ஒட்டியிருந்தது. பெயர்கள் அகர வரிசையில். 'ச' வரிசையில் பார்த்தேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தேன். என் பெயர் இல்லை. உள்ளே போய் எழுத்தரிடம் கேட்டேன்.

"சுலோச்சனாவா? வாபஸ் ஆயிடுச்சேம்மா."

"சுலோச்சனா நான்தாங்க. நான் வாபஸ் வாங்கல."

அவர் என்னை அதிகாரியிடம் அழைத்துப்போனார். அதிகாரி கோப்பைத் திறந்து இரண்டு தாள்களைக் காட்டினார். ஒன்று வாபஸ் நோட்டீஸ். இன்னொன்று, என் சார்பில் அதைக் கொடுக்க முன்மொழிந்தவருக்கு நான் அதிகாரம் அளிப்பதாக ஒரு கடிதம். டைப் அடித்தது. இரண்டின் கீழும் என் கையெழுத்து.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"அப்புறம்?"

அப்போதுதான் அந்த வெள்ளைத் தாள்கள் நினைவுக்கு வந்தன. வேட்பாளரே வர வேண்டியதில்லை, எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தால் முன்மொழிந்தவர் கொண்டுவந்து தரலாம் என்பது சட்டம். ஒருமுறை கொடுத்த வாபஸைத் திரும்பப் பெற முடியாது என்பதும் சட்டம். அவர் கெட்டவரில்லை. "கொண்டுவந்த அம்மாகிட்ட நான் கேட்டேன்மா. வேட்பாளருக்குச் சம்மதம்தானேன்னு. சம்மதம்தான்னு சொன்னாங்க. நான் என்ன பண்ண முடியும்?" என்றார். அந்தத் தாளில் இருந்த ஒரே ஒரு வரியை அவர் வாய்விட்டு வாசித்துக் காட்டியிருக்கலாம். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. இதை நினைக்காத நாள் கிடையாது.

கொண்டுவந்த அம்மா தேவகி. நேராக அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வா சுலோ. சின்னம் வாங்கினியா? இன்னா சின்னம் குட்த்தாங்க?"

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன்.

"எவ்ளோ குடுத்தான் உனக்கு?" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "யாரு? இன்னா சொல்ற?" என்று எழுந்தாள். கையெல்லாம் சாம்பல். நான் தெருவே கேட்கும்படி கத்தினேன். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்த ஒவ்வொரு தடவையும் அதற்கு மேலே கத்தினேன். அவள் பெண்கள் இரண்டும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அன்று திரும்பி வந்தவள், பிறகு அவளோடு பேசவில்லை. ஷிப்டை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிளாட்பாரத்தில் அவள் எதிரே வந்தால் அடுத்த பெட்டிக்கு நடந்தேன்.

மறுநாள் காலை கட்சி அலுவலகத்தின் மரப்படி ஏறினேன். ஞானசுந்தரம் எழுந்து நின்று நாற்காலி காட்டினார்.

"உட்காருங்கள். டீ சொல்லட்டுமா?"

"என் பேர ஏன் எடுத்தீங்க?"

கண்ணாடியைக் கழற்றினார். "நேற்று காலைதான் உடன்பாடு முடிந்தது. இந்தத் தொகுதியை விட்டுக்கொடுத்தால் வேறொரு தொகுதியில் நமக்கு இடம். கட்சி ஒரு முறையாவது உள்ளே போக வேண்டாமா? பெரிய காரியம் சுலோச்சனா. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டிருந்தால் மறுத்திருப்பீர்கள்."

"அப்ப என் கையெழுத்து?"

"நீங்கள் போட்டதுதானே?" என்றார். அதே மெதுவான குரல். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுத்து வந்த ஆளைப் பார்த்து, "வாங்க, வாங்க" என்றார். அவ்வளவுதான். என் பத்து வருஷம் அந்த அறையில் முடிந்தது. வேறொரு தொகுதியில் கிடைத்த அந்த இடத்தில் நின்றது, அங்கே முன்பே மனுப் போட்டு வைத்திருந்த அவரேதான் என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. தோற்றார். ஆனாலும் ஒரு வாரியத்தில் பதவி கிடைத்தது. கட்சி இரண்டே வருஷத்தில், அவர் உடன்பாடு செய்த பெரிய கட்சியில் கரைந்தது.

வக்கீல் ஒருவரிடம் போனேன். தேர்தல் முடிந்த பிறகு வழக்குப் போடலாம், கையெழுத்து உங்களுடையது என்று நீங்களே சொன்ன பிறகு நிற்காது என்றார். "நான் வாபஸ் வாங்கவில்லை" என்று நோட்டீஸ் அடித்து ஆவடி ஸ்டேஷன் வாசலில் நின்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டே, "எவ்ளோக்கா வாங்கின?" என்று கேட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டார்கள். தெருக் குழாய்க்காக யாருக்கு நடையாய் நடந்தேனோ அந்தப் பெண்கள் அந்தக் குழாயடியிலேயே கேட்டார்கள். மாங்காட்டுப் பூக்காரப் பெண் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் கணவரை வேலை செய்கிற இடத்தில், "என்ன மாமே, பொண்டாட்டி புண்ணியத்துல மாடி ஊடு கட்றியாமே" என்று சீண்டினார்கள். அவர் ஒருவனை அடித்துவிட்டு வந்தார். தோற்றவளைப் பார்த்து மக்கள் பரிதாபப்படுவார்கள், அது எனக்குப் பழக்கம். விலைபோனவள் என்ற பேச்சு அப்படியில்லை. சோற்றில் கை வைக்கும்போதுகூட அது கூடவே இருந்தது.

ஏழு வருஷம் போனது. மாங்காட்டில் ஒரு கல்யாணத்தில் முருகேசனைப் பார்த்தேன். கட்சி அலுவலகத்தில் டைப் அடித்தவன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசினான். பேச்சோடு பேச்சாக, "பாவம்கா அந்த தேவகியக்கா. சின்னம் வாங்குற பேப்பர், நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க, கொண்டுபோய்க் குட்த்தா போதும்னு சொல்லித்தான் குட்த்தோம். ஆபீசர் கேட்டா சம்மதம்னு சொல்லுன்னு அண்ணன் சொல்லிக் குட்த்தாரு. அது பாட்டுக்குப் பச்சப் பொடவ கட்டிகினு சந்தோஷமா போச்சு" என்று சொல்லிச் சிரித்தான். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலமே தேவகி வீட்டு வாசலில் நின்றேன். அவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நின்றாள். தலை நரைத்திருந்தது.

"முருகேசன் சொன்னான். உன்னை ஏமாத்திட்டாங்கன்னு. எனக்குத் தெரியாம போச்சு தேவகி."

"உனுக்குத் தெரியாதா? நான் சொல்லிகினுதான் இருந்தேன். நீ வுட்டியா பேச?"

"தப்புதான்."

"அந்த ஆளு என்ன ஒரு நாளு ஏமாத்தினான். அவன் எனுக்கு யாரு? நீ ஏழு வருஷம் மூஞ்சத் திருப்பிகினு போன. ஊர்ல எல்லாரும் உன்ன இன்னா கேட்டாங்க? எவ்ளோ வாங்கினன்னு. அத மொதல்ல கேட்டது யாரு? என் பசங்க முன்னாடி, என் ஊட்டு வாசல்ல, நீ. என்னக் கேட்ட."

 

"இன்னொண்ணும் தெரிஞ்சிக்கோ," என்றாள். "அன்னிலேர்ந்து நான் எங்கியும் கையெழுத்து வக்கிறதில்ல. சம்பளத்துக்கு, ரேஷனுக்கு, பெரிய பொண்ணு கல்யாண லோனுக்கு, எல்லாத்துக்கும் ரேகைதான். கேஷியர் சிரிச்சான், இன்னாம்மா எழுதத் தெரிஞ்சது மறந்து பூட்ச்சான்னு. சிரிக்கட்டும்."

அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்டால் தெரியாது. கதவைச் சாத்தவில்லை. அடுத்த வாரம் பிளாட்பாரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "வண்டி லேட்டாமே" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, ரொம்ப காலமாக நடக்காமல் இருந்த உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்றேன். ஜெயிக்கிற நம்பிக்கையில் இல்லை. என் பெயர் கெட்ட இடத்தில் அந்தப் பெயரை மறுபடி வைக்க வேண்டும் என்ற வீம்பு. முன்மொழியத் தேவகியைக் கேட்டேன். "கையெழுத்து மட்டும் கேக்காத" என்றாள். என் கணவர் போட்டார். ஆனால் பிரச்சாரத்துக்கு முதல் நாளே வந்துவிட்டாள்.

முதல் வீட்டில் நான் வாயைத் திறக்கும் முன்னால் அவள் பேசினாள். "இவ போன தபா காசு வாங்கிகினு வெலகலமா. நான்தான் பேப்பர் கொண்டுபோய்க் குட்த்தேன். படிக்கத் தெரியாது. ஏமாத்திக் குட்க்க வச்சாங்க."

வெளியே வந்ததும், "எனக்காக நீ ஏன் இப்படித் தலை குனியணும்? வேணாம்" என்றேன்.

"உனுக்காக யாரு சொன்னா? எனுக்காகச் சொல்றேன். அட்த்த ஊட்டுக்கு நட" என்றாள்.

வார்டில் ஒரு வீடு விடாமல் சொன்னாள். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், "இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார்கள். குழாயடியில் ஒருத்தி மட்டும், "நானும் அன்னிக்குக் கேட்டேன்கா. மனசுல வச்சிக்காத" என்றாள். அந்தத் தேர்தலிலும் தோற்றேன். இரண்டு பெரிய கட்சிகளுக்கும் அடுத்து மூன்றாவது. ஆனால் அதற்குப் பிறகு எவ்வளவு வாங்கினாய் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அந்த வார்டில் நான் ஜெயித்தது அது ஒன்றைத்தான். அதையும் தேவகிதான் ஜெயித்துக் கொடுத்தாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஞானசுந்தரம் இறந்தார். பெரிய கட்சியின் கொடி போர்த்தி எடுத்துப் போனார்கள். இரங்கல் கூட்டத்தில் அவரைத் தியாகி என்றார்கள், பெண்களை அரசியலுக்குக் கொண்டுவந்த பெருந்தகை என்றார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து எங்கள் காலனியில் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். நீலப் பலகை, வெள்ளை எழுத்து. மூன்றாவது குறுக்குத் தெருவாக இருந்தது ஞானசுந்தரனார் தெரு ஆனது. தேவகி குடியிருக்கிற தெரு.

அவள் பேத்தி படித்துச் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வேலை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது என் வாசலில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"ரேஷன் கார்டுல அந்த ஆளு பேரு வருமாம். எனுக்கு ஒரு கடுதாசி வரணும்னாலும் அவன் பேரப் போட்டாத்தான் வருமாம். மெய்யாலுமா?"

"ஆமா."

"எழுது. மனு எழுது."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இந்தத் தெருவில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறோம், எங்களைக் கேட்காமல் பெயரை மாற்றியிருக்கிறார்கள், இந்தப் பெயர் எங்களுக்கு வேண்டாம், பழைய பெயரே இருக்கட்டும். முழுதும் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை என்றாள். மறுபடி படித்தேன். கடைசி வரியில் நிறுத்தினாள்.

"பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்னு போட்டுக் கீறியே. பணிவுடன்னா இன்னா?"

"தாழ்மையா கேக்குறோம்னு அர்த்தம். மனுன்னா அப்படித்தான் எழுதுவாங்க."

"அத அடி."

அடித்தேன். அடித்த இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு பேனாவைக் கேட்டாள். நான் மைப்பெட்டியைத் தேடி எழுந்தேன். "பேனாவக் குடு" என்றாள் மறுபடியும். தாளை மடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். தே பெரிதாக, கி வரிக்குக் கீழே இறங்கி.

தெருவில் இருபத்திரண்டு வீடுகளில் பதினேழு பேர் அவளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். அந்த மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை, பலகையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கையெழுத்து வாங்கிய மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போய் அதைக் கொடுத்தோம். எழுத்தர் தாளை ஒரு ஓரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"அடிச்சல் திருத்தல் இருந்தா வாங்க முடியாதும்மா. மரியாதையா, நல்ல தாள்ல எழுதிக்கினு வாங்க."

நான் தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். தேவகி என் கையைத் தட்டிவிட்டாள்.

"அடிச்சதும் சேத்துதான் மனு," என்றாள். "சீல் குத்து."

குத்தினார்.